தடைக்காலக் காய்ச்சல்

அறுபத்தொரு நாள்
படகெல்லாம் மணலேறி வயிற்றைக் காட்டிக் கிடக்கும்.
மண்டபத்து மே மாதம்.
அஸ்பெஸ்டாஸுக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி,
கரண்ட் போனால் முப்பத்தேழு.

பகலில் நான் பாசி வளர்ப்பவள்.
ஆய்வுக்கூடத்தில் இருபத்துநாலைத் தாண்டினால்
சுருங்கிக்கொள்ளும் சீமாட்டிகள் அவை.
வீட்டுக்கு வேறு பிராணி வேண்டும்,
வெக்கையில் பசியெடுப்பது.

சேசோன் என்றால் பருவம் என்கிறான் ஹில்லாரி மச்சான்,
ஆன்ட்வெர்ப்பில் கப்பல் மாறும்போது குடித்துப் பழகியவன்.
அங்கே வயலறுப்பவர்களின் தாகத்துக்குக் காய்ச்சிய பீராம்.
இங்கே பருவம் என்பது
கடலுக்குப் போகாத பருவம்.
தாகம் மட்டும் அதே தாகம்.

அவன் கொண்டுவந்த ஈஸ்ட் பொட்டலம் இரண்டு.
ஒன்று பிரெஞ்சுக்காரன்:
ஆறு மணி நேரத்தில் நுரை கட்டி,
பார்லியின் கடைசிச் சர்க்கரையையும்
சட்டி வழிப்பதுபோல் வழித்துத் தின்பவன்.
மிளகு வாசம். பேச்சில்லை.
இன்னொன்று பெல்ஜியக்காரி:
முதல் வாரம் குதியாட்டம்,
பாதி இனிப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு
உட்கார்ந்துவிட்டாள்.
ஜாடியை வெயிலில் வைத்தேன். சாக்கைச் சுற்றினேன்.
ரெமிஜியுஸைக் கட்டிய முதல் வருஷம்
நானும் இப்படி உட்கார்ந்தது ஞாபகம் வர,
விட்டுவிட்டேன்.

மூன்றாவதுக்கு உச்சிப்புளி போனேன்.
சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அரைப்படி, என்றேன்.
தவசிலிங்கம் மரத்திலிருந்தே சிரித்தார்.
'சுண்ணாம்பு இல்லேன்னா கேஸும்மா.'
இறங்கி வந்து, பாளை சீவிய சீவலை மட்டும்
பீடிக்கட்டுக் காகிதத்தில் மடித்துத் தந்தார்:
'இதுக்குக் கேஸு கெடையாது.'

நான்கு நாள் ஒன்றுமில்லை.
ஐந்தாம் நாள் மெல்லிய ஆடை, அதில் கண்கண்ணாய்க் குமிழி.
நனைந்த வடக்கயிறு, பழுத்த அன்னாசி,
ஓரத்தில் கொஞ்சம் ஆட்டுக்கிடை.

அதைக் கிளறிய கரண்டியைக்
கழுவாமல் பெல்ஜியக்காரியில் விட்டேன்.
பன்னிரண்டு வருஷ ஆய்வுக்கூட வேலையில்
ஒருதரம்கூடச் செய்யாத பாவம்.
மறுநாள் அவள் எழுந்து நடந்தாள்.

யார் எழுப்பியது?
சீவலில் இருந்த எதுவோவா, வெயிலா,
அவளே மனசு மாறினாளா?
நோட்டில் தேதி, சூடு, அடர்த்தி எல்லாம் எழுதி
'இனம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தெரியாது என்று எழுதினேன்.
வேலையில் இந்தச் சொல்லுக்கு மெமோ கிடைக்கும்.

அன்று இரவு பிரெஞ்சுக்காரன் வெடித்தான்.
அவசரமாய்ப் பாட்டிலில் அடைத்தது என் தப்பு;
தின்ன அவனுக்கு இன்னும் மிச்சமிருந்திருக்கிறது.
அடுப்படி முழுக்கக் கண்ணாடி.
காலண்டரில் அந்தோணியாருக்கு நுரையில் தாடி.
வேலிக்கு வெளியே ரோந்துப் போலீஸின் டார்ச்.
'என்ன சத்தம்?'
'குக்கர்.'
'என்ன வாசம்?'
'ஆப்பத்துக்கு மாவு.'
அவர் மூக்கு கொஞ்ச நேரம் யோசித்தது.

தடை முடிய இரண்டு நாள்.
ரெமிஜியுஸ் வலை ஏற்றப் போயிருக்கிறார்.
முதல் பாடு முடித்து இறங்கும் கைக்கு
எதைக் கொடுப்பது என்று
மூன்று டம்ளரை ஜன்னலில் வைத்து
ஒவ்வொன்றாய் முகர்கிறேன்.
உப்புக்காற்று குறுக்கே வந்து
ஒன்றின் வாசத்தை இன்னொன்றில் போடுகிறது.

வேலிப்பக்கம் அதே குரல். சீருடை இல்லை.
கையில் தூக்குவாளி.
'வீட்டுல கேட்டாங்க. அந்த ஆப்பமாவு
கொஞ்சம் கெடைக்குமா?'

வாளியை ஈரமில்லாமல் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.
நான் அரிசிகூட ஊறப்போடவில்லை.