பெயர் தூர்த்த இடம்

உக்கடம் பழைய இரும்புக் கடையில்
எடை போட்டுக் கொடுத்தார் ஹக்கீம் பாய்.
மூணே கால் கிலோ.
"பேரு இருந்தா ரெண்டாயிரம் சொல்லியிருப்பேன்,
மொட்டையா இருக்கு, எடைக்கே எடுத்துக்கங்க."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு
கணபதி வரைக்கும் விரலால் தடவி வந்தேன்.
வாய், தொண்டை, இடுப்பு, கைப்பிடி,
மேசையைக் கவ்வும் அடித்திருகு.
ஓர் எழுத்தில்லை, எண்ணில்லை, ஊரில்லை.

எனக்கு இதுதான் பிழைப்பு.
பம்ப்பு கம்பெனியில் வார்ப்பு சோதிக்கிறேன்,
பதினாறு வருசமாக.
ஊசித்துளை, மணல் கடி, விரிசல் பார்த்து
தேறியதன் மேல் 7 என்று ஒரு குத்து.
பல்லடம் தொட்டுத் தாராபுரம் வரைக்கும்
போர்க்குழிகளில் தொங்குகிறது என் ஏழு.
ஏழு யாரென்று எந்தத் தோட்டத்திலும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பல்லைக் கழற்றி
மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு பிரஷ் போட்டேன்.
முதலில் வந்தது மஞ்சள்.
ஈரோட்டு லோடில் வந்ததென்று பாய் சொன்ன ஞாபகம்.
அதற்கடியில் கறுப்பாக, மிளகோ என்னமோ.
அதற்கும் அடியில், ஊசியால் கிளறினால்தான்,
பிசுபிசுவென்று ஒரு பழுப்பு.
மூக்கருகே கொண்டுபோனேன்.
மண்ணெண்ணெய்தான் மணத்தது.

"காப்பி மிசினேதான்னு எப்படிங்க சொல்றீங்க?"
எதிர்வீட்டு சம்பூரணம் கேட்டாள்.
இன்னும் சொல்லலைங்க. அளந்துட்டிருக்கேன்.

போத்தனூர் ரயில்வே காலனியில்
டெரன்ஸ் சார் வீட்டில் இதே சாடையில் ஒன்று,
நெற்றியில் இங்கிலீஷ் பெயரோடு.
வெர்னியரை எடுத்துப் போனேன்.
அதன் வாய் நூற்றிரண்டு மில்லி,
இதன் வாய் நூற்றொன்று.
காலை அளந்தாலும் தொண்டையை அளந்தாலும்
நூற்றுக்கு ஒன்று குறைச்சல்.
தன்னுடையது பெரிதென்று அவருக்குச் சந்தோசம்.
எனக்குக் காது சுட்டது.

இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும்.
ஒன்றை மணலில் அமுக்கியெடுத்த குழியில்
இன்னொன்றை ஊற்றினால்
பிள்ளை அவ்வளவு சிறுத்துத்தான் பிறக்கும்.
ஆக, இது இந்தப் பக்கத்துப் பிறப்பு.
பீளமேட்டிலோ சிங்காநல்லூரிலோ
நைட் ஷிப்டில் மிஞ்சிய குழம்பில்
எவனோ.

வீட்டில் விளக்கை அணைத்து
டார்ச்சைச் சாய்த்து அடித்தேன்.
நெற்றியில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும்
மணல் சொரசொரப்பு இல்லை.
மெழுகு வைத்து எழுத்தையெல்லாம் தூர்த்துவிட்டுத்தான்
அமுக்கியிருக்கிறான்.
அடுத்தவன் பெயர் நமக்கெதற்கு என்றா,
மாட்டிக்கொள்வோம் என்றா.
தூர்த்த இடம் சும்மாதான் கிடந்தது,
தன் பெயரைப் போட்டிருக்கலாம்.

ஒரு தப்பு செய்திருக்கிறான்.
டெரன்ஸ் வீட்டு மிசினில்
கைப்பிடிக் குமிழின் திருகு இடமரை.
இவன் வலமரை வெட்டிவிட்டான்,
கை பழகிய பக்கமே.
அதனால் முப்பது சுற்றுக்கொரு தடவை
குமிழ் கழன்று கையோடு வந்துவிடுகிறது.
திருகின் தலையில் பள்ளம் தேய்ந்து அகன்றிருக்கிறது:
காப்பி அரைத்தவர், மிளகு அரைத்தவர், மஞ்சள் அரைத்தவர்
எல்லாரும் நடுவில் நிறுத்தி முறுக்கியிருக்கிறார்கள்,
வைதுகொண்டே.

இடமரை வெட்ட லேத்தில் அரை மணி வேலை.
வெட்டவில்லை.

சம்பூரணத்துக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன்.
"நல்லாத்தான் இருக்குது, நொம்பக் கொரகொரப்புங்க,
இன்னொருக்கா விட்டு எடுங்க" என்றாள்.
மறுபடி கொட்டிச் சுற்றுகிறேன்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது,
அந்த ஸ்குரூடிரைவரைக் கொஞ்சம் எடுங்க.