திமிங்கிலத்துக்கு முன்னால் ஓரெழுத்து

மாலை ஐந்தரை. டொக்யாட் வீதி.
பாமசிக்கு மேல்மாடி.
கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறது:
மூன்று மாதத்தில் ஆங்கிலம்.
அதற்குக் கீழே பொடி எழுத்தில்:
கட்டிய காசு திருப்பித் தரப்படாது.

மிஸ்ஸுக்கு இருபத்திமூன்று வயது.
எனக்கு நாற்பத்தொன்பது.
வாசலில் செருப்பைக் கழற்றினேன்.
பரவாயில்லை அண்ணை, போட்டுக்கொண்டே வாங்கோ, என்றா.

ஆங்கிலம் எனக்கு முன்னமே இருந்தது.
டுமோறோ ஷுவர். நோ புறொப்ளம்.
டீப் வோட்டர், நோ ஜம்ப்.
அதை வைத்துக்கொண்டு பதினாலு வருசம்
ஜேர்மன்காரரையும் கொரியாக்காரரையும்
உப்புவெளியிலிருந்து பத்துக் கட்டை தள்ளிக் கொண்டுபோய்
ஒருவரையும் தொலைக்காமல் கரை சேர்த்திருக்கிறேன்.
இப்போது வள்ள லைசென்சுக்குச்
சேட்டிபிக்கற் வேணுமாம்.

முதல் நாள் பலகையில் ஒரு திமிங்கிலம் கீறினா மிஸ்.
வேல், என்றா. சொல்லுங்கோ.
வேல், என்றோம்.
இன்னொருக்கால், பலமாய்.
வேல்! வேல்!
பக்கத்தில் கிண்ணியா நிஃப்லா,
பின்வாங்கில் கொட்பே சுமேத,
எல்லாரும் சேர்ந்து கத்தியதில்
கீழே பாமசிக்காரர் எழும்பி நின்று கும்பிட்டிருப்பார்.

சுமேதவுக்கும் எனக்கும் பழைய கணக்கு.
அவன் லைட் போட்டு மீன் பிடிக்கிறவன்.
நான் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தவன்.
நான் தமிழில் ஏசினால் அவனுக்கு விளங்கும்,
அவன் சிங்களத்தில் ஏசினால் எனக்கு விளங்கும்.
மிஸ் எங்கள் இரண்டு பேரையும் சோடியாக்கி விட்டா.
ஹவ் ஆர் யூ, என்றான்.
ஐ ஆம் ஃபைன், என்றேன்.
வேறென்ன சொல்ல,
புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது.

நாலாங் கிழமை வந்தது வில்லங்கம்.
ஒன்றை முதற்தரம் சொன்னால் 'அ'.
மறுதரம் சொன்னால் 'த'.
அ வேல். பிறகு, த வேல்.
ஏன் மிஸ்?
முதல்ல ஆருக்கும் தெரியாது அண்ணை,
ரெண்டாந்தரம் தெரிஞ்சிடும்தானே.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன்.
கடலில் அப்படியில்லை.
மூச்சு ஊதும், முதுகு தெரியும், முடிந்தது.
அரைக் கட்டைக்கு அங்கால் இன்னொரு ஊதல்.
அதுதானா இது? ஆர் கண்டது?
பதினாலு வருசமாய் எனக்கு
ஒவ்வொன்றும் 'அ'தான்.
பரீட்சைத்தாளில் அப்படியே எழுதினேன்.
பிழை.

அதைவிடப் பெரிய சிவப்பு வட்டம் ஒன்றிருக்கிறது.
என் வாழ்க்கை: ஐந்து வசனம் எழுதுக.
ஆஃப்டர் அ வோர், ஐ போட் போட்,
என்று தொடங்கியிருந்தேன்.
வள்ளத்துக்கு முன்னால் வெறுமையாய்க் கிடந்த இடத்தில்
மிஸ் ஓர் 'அ' வைத்தா.
போருக்கு முன்னால் இருந்த 'அ'வை வெட்டி
'த' போட்டா.
அது முடிந்தபோது அவவுக்கு ஏழு வயது,
கண்டியில் பெரியம்மா வீட்டில்.
எந்தப் போர் என்று கேட்கவேயில்லை.
நிஃப்லா எட்டிப் பார்த்தாள். அவளும் கேட்கவில்லை.
சுமேத தன் கொப்பியைக் கையால் மூடினான்.
விரல் இடுக்கால் தெரிந்தது,
அதே இடத்தில் அதே சிவப்பு.

மானுக்குப் பன்மை கிடையாதாம்.
ஒன்றென்றாலும் டியர், நாற்பதென்றாலும் டியர்.
இந்த ஒரு சட்டம் மட்டும் எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது.

வகுப்பு முடிந்து இறங்கினால்
வீதி முழுக்க அவைதான்.
சுமேதவின் மோட்டார்சைக்கிள் சீற்றில்
கொப்பியைத் திறந்து வைத்து மென்றுகொண்டிருக்கிறது ஒன்று.
ஐந்து வசனத்தில் மூன்று ஏற்கெனவே வாய்க்குள்.
த டியர்! த டியர்! என்று கத்துகிறான்.
அ டியர், என்றேன். முதற்தரம்தானே சொல்லுகிறாய்.
நோ! த! என்று காதைத் தொட்டுக் காட்டினான்.
இடக்காது கிழிந்த மான்.
பஸ் ஸ்ராண்டில் வாழைப்பழத் தோலுக்கு அலையுமே, அது.
அவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.
தெரிந்தாலும் விடலாமா?
அ, என்றேன்.
த, என்றான்.
ஓட்டோக்கள் ஹோர்ன் அடிக்கின்றன.
மான் அவசரப்படாமல்
நாலாவது வசனத்துக்கு வந்தது.