ஞாயிறு, இரண்டரை முதல் நான்கு வரை

பண்ருட்டியில் பஸ் ஏறும்போது
பத்திரத்தை மஞ்சள் பையில் அடியில் வைத்து
மேலே அரைக் கிலோ முந்திரி வைத்தேன்.
நெல்லிக்குப்பம் தாண்டும்வரை ஆலை வாசம்.
கடலூரில் இறங்கி, கெடிலத்துப் பாலம் கடந்து
குருமடத்து வாசலில்
செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று நின்றேன்.
"போட்டுக்கிட்டே போங்கம்மா,
கோயில் அந்தப் பக்கம்" என்றார் காவல்காரர்.

வரவேற்பறைச் சுவரில் உலக வரைபடம்.
சபையார் போன தேசமெல்லாம்
சிவப்புத் தலைக் குண்டூசி.
கடலூரில் குத்தியது மட்டும் துருப்பிடித்திருந்தது,
உப்புக் காற்று.
அதற்குக் கீழே, போய்த் திரும்பாதவர்கள்
தாடியோடு எட்டுப் பேர்,
தாடி முளைக்காமல் ஒருவர்.
காய்ச்சலில், இருபத்தாறு வயதில் என்று எழுதியிருந்தது.
பிலவேந்திரனுக்கு வருகிற செப்டம்பரில் இருபத்தாறு.

வாலிபால் ஆடிய வேர்வையோடு வந்தான்.
முந்திரிப் பொட்டலத்தை வாங்கினான், முகர்ந்தான்,
சமையல்கட்டுப் பக்கம் போன பையனிடம்
அப்படியே கொடுத்துவிட்டான்.
ஒரு பருப்பு வாயில் போட்டிருக்கலாம்.

"போர்த்துகீசு படிக்கிறேன்க்கா.
மொசாம்பிக் அனுப்பினாலும் அனுப்புவாங்க."
தண்ணிக்கு என்னடா அதில்?
"ஆகுவா."
சோத்துக்கு?
"அர்ரோஸ்."
பாகப்பிரிவினைக்கு?
சிரித்தான். அந்தப் பாடம் இன்னும் வரவில்லையாம்.

அண்ணன் சொல்லி அனுப்பியதை
மனப்பாடமாகச் சொன்னேன்:
நித்திய வார்த்தைப்பாடு கொடுத்துட்டா
உனக்குன்னு ஒரு சட்டைகூட கிடையாதாமே,
அதுக்கு முந்தி இதுல ஒரு கையெழுத்து.
ஏழு சென்ட் வீடு, அரைக் காணி தோப்பு,
போர்வெல்லில் பாதி.

எங்கள் வீட்டில் யாரும் பத்திரம் படித்ததில்லை.
விரல் காட்டிய இடத்தில் போடுவோம்.
இவன் படித்தான்,
ஜெபப்புத்தகம் மாதிரி, முதல் வரியிலிருந்து,
டீயில் ஆடை படிகிற வரைக்கும்.
மூன்றாம் பக்கத்தில் நின்றான்.

"இது உன் கைநாட்டா?"
ஆமாம்.
"உன் பங்கையும் விட்டிருக்க."
அண்ணன் சொல்லிச்சு.
"நீ என்னிக்குக்கா வார்த்தைப்பாடு கொடுத்த?"

கேலி என்று நினைத்துச் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று
மூன்றுக்கும் இவனுக்கு ஒன்பது வருடப் படிப்பு,
தனி அறை, நூலகம், மாதம் ஒருநாள் மௌனம்.
எனக்கு அவர் திருப்பூர் போய்த் திரும்பாத வருடமே
மூன்றும் கூடிவந்துவிட்டது.
பீடத்தின் முன்னால் யாரும் படுக்க வைக்கவில்லை,
மாலை போடவில்லை,
பிரியாணியும் இல்லை.

நான்கு மணிக்கு மணி அடித்தது.
ஏதோ சொல்ல வாயெடுத்தவன்
பாதிச் சொல்லில் எழுந்துவிட்டான்.
"சட்டம்க்கா. மணி அடிச்சா
எழுதுற எழுத்தைக்கூடப் பாதியில விடணும்."
பேனா மூடியபடியே கிடந்தது.
பத்திரத்தை நான்காக மடித்து
என் கையில் வைத்து அழுத்திவிட்டு ஓடினான்,
வராந்தா முழுக்க வெள்ளை அங்கி
ஒரே திசையில் ஓடுகிறது.

திரும்பும் பஸ்ஸில் விரித்துப் பார்த்தேன்.
மூன்றாம் பக்கத்தில் நீலமாக ஒரு வட்டம்.
ரேகை இல்லை.
பத்தொன்பது வருடமாகக் கொட்டை உடைத்து
முந்திரிப் பால் தின்ற விரல்.
போன மாதம் ரேஷன் கடை மிஷின்
மூன்று முறை என்னைத் தெரியாது என்றது,
கோழிதான் கூவவில்லை.
அன்றைக்கு வரிசையே சிரித்தது, அழுதுகொண்டே வந்தேன்.
இன்றைக்கு அந்த வட்டத்தையே
வெகுநேரம் பார்த்திருந்தேன்.
இது யார் வைத்தது என்று
அண்ணன் எந்த மிஷினைக் கேட்பான்?

நெல்லிக்குப்பத்தில் கூட்டம் ஏறியது.
இருமினேன்.
பக்கத்தில் இருந்தவள் பாட்டிலை நீட்டினாள்.
"ஆகுவா" என்றேன்.
ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.