கொடுங்கோன்மையின் தினக்கூலி

குடியரசுக்கு நாளொன்றுக்கு இரண்டு பெசோ.
அவள் காலடியில் கிடக்கும் எனக்கு ஒன்றரை.
படுத்துக்கொண்டு சம்பாதிக்க என்ன கஷ்டம்
என்றார் ஓவியர் ஒக்தாவியோ.
நியாயம்தான். மொண்டேவீடியோ துறைமுகத்தில்
நாளெல்லாம் தோல் மூட்டை தூக்கினால் ஒன்றேகால்.

நாட்டுக்கு நூறு வயது.
"பழைய சாம்ராஜ்யத்தின் சாடை உன்னிடம்" என்று
என்னைத் தேர்ந்தெடுத்தார்.
கலீசியாவிலிருந்து மூன்றாம் வகுப்பில்
வாந்தியெடுத்தபடி வந்திறங்கிய சாம்ராஜ்யம் நான்.

அவள் கையில் தீப்பந்தம், அதாவது துடைப்பக்கட்டை.
வெற்றியின் சிறகுகளைச்
சந்தையில் வாத்து விற்பவனிடம் வாங்கியிருந்தார்.
கரியடுப்பின் சூடு ஏற ஏற
வெற்றி நாறியது.

தொப்பிக் கடையிலிருந்து வருவாள் எதெல்வினா.
செருப்பைக் கழற்றி
என் கழுத்தில் கால் வைக்கும்முன்
ஒவ்வொரு முறையும் "மன்னிக்கணும்" என்பாள்.
இங்கே ஜூனில்தான் குளிர்.
பனிக்கட்டி மாதிரி அந்தக் கால்;
அரைமணி போனால் என் கழுத்துச் சூட்டில்
கொஞ்சம் உயிர் வரும்.

"முகத்தைச் சுளி, பெர்மின்! இன்னும் வெறுப்பு!"
ஊன்றிய மற்றக் கால் என் மூக்கெதிரே,
கணுவில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு,
பிறை போல.
வெறுப்புக்கு எங்கே போவது?
வாடகைக்காரனை நினைத்துக்கொள்வேன்.

திறப்பு விழாவில் பேண்டு முழங்கியது. மந்திரி அழுதார்.
"அதோ, நான்" என்றேன் மனைவியிடம்.
"உனக்கேது இவ்வளவு தசை?"
பின்னால் நின்றவள் தன் பையனுக்குச் சொன்னாள்:
"அவன்தான் கெட்டவன்."
பையன் துப்பினான். சுவர்வரை எட்டவில்லை,
என் சட்டையில் விழுந்தது.

எதெல்வினா வந்திருந்தாளோ என்னவோ.
பதினோரு வாரம் தரையோடு தலை,
அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை.
படத்தில் இருப்பது ஓவியர் மனைவியின் முகமாம்.
கணுக்காலைத் தேடினேன்.
வழவழவென்றிருந்தது, சோப்புக்கட்டி மாதிரி.
"குடியரசுக்குத் தழும்பு கிடையாதப்பா"
என்றார் ஒக்தாவியோ,
யாருக்கோ கைகொடுக்கத் திரும்பிக்கொண்டே.

அடுத்த மாதம் தபால்தலை வந்தது.
சின்னச் சதுரம். அதற்காக
என்னைக் காதோடு வெட்டிவிட்டார்கள்.
ஒரு குதிகால், அதன் கீழே ஒரு காது,
பக்கத்தில் ஊன்றிய கால், மேலே மிச்ச நாடு.

அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒட்டினேன்.
காது யாருடையது என்று எழுதவில்லை.
நகநுனியால் அந்தக் கணுக்காலில்
ஒரு பிறை கீறிவிட்டுப்
பெட்டியில் போட்டேன்.