கோடைப் பூச்சு

பஹாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
காக் ரொஹானாவின் பண்டல் கடையில்
ஜப்பானிலிருந்து மூட்டையாய் வந்திறங்கிய
பள்ளிச் சீருடைகளுக்கு அடியில் கிடந்தது பலகை.
"கால் உடைந்த அயர்ன் மேசை, டிக்.
பத்து வெள்ளி குறைத்துக்கொள்."

நிமிர்த்திப் பக்கத்தில் நின்றேன்.
மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் முடிந்தது.
குறுக்கே பாதம் வைத்துப் பார்த்தேன்.
விரலோ குதிகாலோ வெளியே நீண்டால்
திரும்பும்போது பனியில் இடறும் என்று படித்திருக்கிறேன்.
பனியை நான் பார்த்திருப்பது
கேண்டீன் ஐஸ்பெட்டியின் உள்சுவரில்.

காலணி மூன்று ஜோடி இருந்தன.
ஒன்று இன்னும் யாருடைய பாதத்தையோ
நினைவில் வைத்திருந்தது.
ஒன்றுக்குள் பூஞ்சை.
மூன்றாவதை வீட்டுக்குக் கொண்டுவந்து
ஒரு தொடர் முழுக்க, விளம்பரம் உட்பட, போட்டிருந்தேன்.
நின்றால் விரல்நுனி முன்சுவரைத் தொட வேண்டும்,
முட்டி மடக்கினால் விலக வேண்டும்,
குதிகால் எழும்பவே கூடாது.
மின்விசிறி ஐந்தில் சுழல
கணுக்காலில் குளம் கட்டியது வியர்வை.
சோற்றைப் பிசைந்தபடி எழிலரசன் கேட்டான்:
"நிலாவுக்கா?"

செம்பனை ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை எனக்கு.
எண்ணெயில் எவ்வளவு அமிலம், எவ்வளவு ஈரம்,
எந்தச் சூட்டில் உறையும்.
பதினொரு வருடமாய் அதுதான் சோறு.
ஆகவே மெழுகு மட்டும் உடனே புரிந்தது.
கடுங்குளிர்ப் பனிக்குக் கெட்டி மெழுகு,
நசநசத்த பனிக்கு இளகியது.
மாற்றிப் பூசினால் பலகை நகராமல் அடம்பிடிக்கும்.
குடுவையடியில் உறைந்த எண்ணெயை
ஒருமுறை தேய்த்தும் பார்த்தேன்
(ஆலையில் சொல்லவில்லை).
பலகை மஞ்சள் பூசிக் குளித்தது.
விடிவதற்குள் எறும்பு.

பிறகுதான் உண்மையான மெழுகை வரவழைத்தேன்.
புகை வந்தால் சூடு அதிகம்,
பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாதே.
அந்த இஸ்திரிப் பெட்டி இனி சட்டைக்கு ஆகாது,
எழிலரசனிடம் சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று.

உள்ளுறையை உருவி நிழலில் காயவை என்கிறார்கள்.
இங்கே நிழலும் ஈரம்.
மாத்திரைக் குப்பிகளிலும் கைப்பைகளிலும் கிடந்த
ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து
காலணிக்குள் திணித்தேன்.
விளிம்பு இரும்புதான் பெரும் கவலை.
துடைத்து, எண்ணெய் தொட்டு, மறுபடி துடைத்து,
அப்படியும் மழைக்காலத்தில்
அறுப்புக் கத்தியில் பூப்பதுபோலப் பூத்துவிடும் துரு.

பருத்தி வேண்டாம் உடம்போடு.
ஒற்றைக் காலுறை போதும்,
இரண்டு போட்டால் இறுக்கத்தில் விரல் மரத்துப்போகும்.
குளிரில் ஆளைக் கவிழ்ப்பது
உள்ளே தங்கும் வியர்வைதானாம்.
வாசித்துக் காட்டினேன்.
நாற்பது குலைவெட்டிகளை மேய்க்கும் மண்டோர் சொன்னான்:
"நனைஞ்ச பனியனோட மோட்டார்ல போனா சளி பிடிக்கும்.
இதுக்கா இத்தனை பக்கம்?"

ஜாக்கெட்டின் உள்பையில்
யாரோ ஏறிய மலையின் கம்பிவட நுழைவுச்சீட்டு,
ஒரு பிப்ரவரி, பாதி கிழிந்த தேதி.
துவைத்தபோதும் அதை எடுத்துவைத்து
மறுபடி அதே பையில் போட்டேன்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள்:
பனிக்காலம் முடிந்ததும்
மெழுகைத் தடிமனாய்ப் பூசு,
சுரண்டாதே,
கோடை முழுக்க அப்படியே இருக்கட்டும்.

எங்களுக்கு எப்போதும் கோடை.
நான்கு வருடம் கட்டிலுக்கடியில்
சுரண்டாத மெழுகோடு கிடந்தது அது.
பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் இடிக்கும்.

நேற்று நடுநிசி மலிவு விற்பனையில்
ஸப்போரோவுக்கு ஓர் இருக்கை.
"எனக்குக் குளிர் ஒத்துக்காது" என்று
தன் அட்டை எண்ணை எழிலரசனே வாசித்தான்,
கடைசி மூன்று இலக்கத்தை இரண்டு தடவை.

தூக்கம் வரவில்லை.
பின்கட்டில் இரண்டு நாற்காலிமேல் பலகையைக் கிடத்தி
மூக்கிலிருந்து வாலுக்கு, ஒரே திசையில், சுரண்டினேன்.
தேங்காய்ப்பூ மாதிரி சுருள் சுருளாய் விழுந்தது
நாலு வருடக் கோடை.

காலையில் எறும்புகள் வந்து
சுற்றிப் பார்த்துவிட்டுத்
திரும்பிப் போயின.