மூக்கு

கிரெமோனா. மார்ச். மூன்றாம் நாள்.
தலைக்கு மேல் பிளாஸ்டிக் குடம்,
அக்குளுக்கடியில் இரண்டு வார்,
உள்ளே ஓயாத காற்று.
ஜன்னலை இறக்கிவிட்டு
நெடுஞ்சாலையில் போகிற இரைச்சல்.
இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவன் நான்,
இந்தச் சத்தத்தில் தூங்கத் தெரியும் என்று நினைத்தேன்.
தெரியவில்லை.

பக்கத்துக் கட்டில் ஃபௌஸ்தோவை
நேற்றிரவு தள்ளிக்கொண்டு போனார்கள்,
தொண்டையில் குழாய் இறக்கும் அறைக்கு.
மேசையில் அவர் மூக்குக்கண்ணாடி
என்னையே பார்க்கிறது.

எனக்கு மூக்கு அரிக்கிறது.
சிரிக்காதீர்கள்.
கை இருக்கிறது, மூக்கு இருக்கிறது,
நடுவில் மெல்லிய பிளாஸ்டிக்.
இந்த அரிப்பில் ஒரு மணி நேரம்
சாவைக்கூட மறந்துவிட்டேன்.

அட்டையில் எழுதினேன்: மூக்கு.
ஒர்னெல்லா பதறி மானிட்டரைப் பார்த்தாள்,
டாக்டரைக் கூப்பிடத் திரும்பினாள்.
கட்டில் கம்பியைத் தட்டினேன்.
ஒரு விரலால் காற்றைச் சொறிந்து காட்டினேன்.

பக்கவாட்டு மூடியைத் திருகினாள்.
அழுத்தம் புஸ்ஸென்று இறங்கியது.
தொண்ணூற்று மூன்று, தொண்ணூறு,
எண்பத்தேழு.
கையுறை போட்ட ஒற்றை விரல்
உள்ளே வந்து தேடியது.
இடப்பக்கம், இல்லை,
இன்னும் கொஞ்சம் மேலே,
ஆ.

மூடினாள். குடம் மறுபடி உப்பியது.
உடுப்புக்குள் அவள் தோள்கள் குலுங்கின.
சிரிப்புதான், கேட்காவிட்டாலும் தெரியும்.

எண் மெல்ல ஏறியது,
பிரென்னர் மேட்டில்
இரும்பு ஏற்றிய வண்டி மாதிரி.
எண்பத்தெட்டு.
எண்பத்தொன்பது.
அங்கேயே நின்று யோசித்தது.
இரண்டாம் கியரில்
நானும் காத்திருந்தேன்.