எந்த மாசத்தில் கேட்கிறீர்கள்

பதினான்காம் கேள்வி:
அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம்?
ஐந்துக்குள், ஐந்திலிருந்து பத்து, பத்துக்கு மேல்.
மூன்று கட்டங்கள். ஒன்றில் மட்டும் குறி.

பேச்சன் முகியா துடுப்பை மடியில் கிடத்திக்கொண்டு
"எந்த மாசத்தில் கேட்கிறீர்கள் தீதி?" என்றான்.

சைத் மாசம் என்றால் மணலில் இரண்டு மணி நடை,
நடுவே முழங்காலளவுக்கு ஒரு கிளையாறு,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் போதும்.
சாவன் என்றால் மூன்று படகு.
பாதோவில் கோசிக்கு மனசு சரியில்லாத நாட்களில்
தூரமென்று ஒன்று கிடையாது,
அக்கரையே கிடையாது.
போன வருஷம் நிறுத்தம் கிழக்கே இருந்தது,
இப்போது மேற்கே.
"இந்தத் தடவை ஊர் நகரவில்லை,
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

பிசன்பட்டி டோலா, வீடுகள் நூற்றுப் பதினேழு.
சணல்தட்டைச் சுவரில் காவியால் எண் போட்டால்
பாதி எண் இடுக்கு வழியே உள்ளே போய்
அடுப்பங்கரையில் சொட்டுகிறது.

நாற்பத்திரண்டாம் வீட்டில் ஃபுல்கேசரி.
ஆண்கள் எத்தனை பேர்?
"சட் பூசைக்கு வந்தால் ஐந்து,
டிக்கெட் கிடைக்காவிட்டால் மாமனார் ஒருத்தர்."
கணவன் லூதியானாவில், நெல் நடவு.
மூத்த கொழுந்தன் சூரத்தில், தறி.
இளையவன் இருக்கும் ஊரின் பெயர் அவள் நாக்கில் நிற்கவில்லை,
தெற்கே எங்கோ பனியன் ஊர் என்றாள்.
ஆறு மாசம் எங்கே படுத்துத் தூங்குகிறானோ
அங்கேதான் எண்ணுவார்கள் என்று விதியைச் சொன்னேன்.
"அங்கே எண்ணியிருப்பார்களா?"
எண்ணியிருப்பார்கள் என்றேன்.
கதவில்லாத அறையில் முறைவைத்துத் தூங்கும் பதினோரு பேரின் அறைக்கு
யார் போய்க் காவி பூசியிருப்பார்கள்?

வாகனம் உண்டா?
உண்டு.
எருமைக்குப் பக்கத்தில் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினாள்:
சீதனமாய்ப் படகேறி வந்த மோட்டார் சைக்கிள்,
இருக்கையில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை.
இரண்டு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்,
அத்தனையும் நாத்தனார் மகன்
மக்காச்சோளக் கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தது.
இரு சக்கர வாகனம்: ஆம்.
சாலை: இல்லை.
இரண்டு பதிலும் வேறு வேறு பக்கங்களில் இருப்பதால்
ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

லூதியானாவுக்கு ஒரே ரயில்.
கழிவறை வாசலில் இடம் கிடைத்தாலும் மறுநாள் ராத்திரி இறங்கிவிடலாம்.
வட்டார அலுவலகத்துக்குப் படகு, மணல், படகு, டெம்போ,
கையெழுத்துப் போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தால்
அதுவும் மறுநாள் ராத்திரிதான்.

இருட்டினால் தெற்கே பெரிய பாலம் தெரியும்.
பிள்ளைகள் லாரி விளக்குகளை எண்ணுவார்கள்,
சண்டை போட்டுக்கொண்டு, என்னைவிடக் கவனமாக.

மொத்தம் ஐந்நூற்று எண்பத்து மூன்று பேர்.
பெண்கள் முந்நூற்று அறுபத்தொன்பது.
கூட்டிப் பார்த்துப் பையில் வைத்தேன்.

தள்ளுவதற்கு முன் பேச்சன் இரண்டு முறை எண்ணுவான்.
"பன்னிரண்டு பேர், ஒரு ஆடு, நீங்கள்."
நடு ஆற்றில், கழியை ஊன்றியபடி,
நான் கேட்காத கணக்கைச் சொன்னான்:
ஹோலி முடிந்து இந்தப் படகில் போனவர்கள் அறுபத்தொரு பேர்,
திரும்பியவர்கள் நான்கு.
நான்கில் ஒருவன் பெட்டியில்,
நீளப் பெட்டி, குறுக்கே வைத்துக் கட்ட வேண்டியிருந்தது.
வருஷக் கூலி வீட்டுக்கு ஒரு மூட்டைச் சோளம் என்பதால்
அந்த நடைக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.
"அவனை எங்கே போடுவீர்கள் தீதி?
வந்தவனா, போனவனா?"

ஆடு தும்மியது.
படிவத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன்.

கரை ஏறியபோது கடைசிப் பேருந்து போயிருந்தது.
டீக்கடை விளக்கில் பதினான்காம் கேள்வி இன்னும் காலியாக இருந்தது.
ஐந்துக்குள் என்று குறியிட்டேன்.
நிறுத்தத்தின் பலகைக்கு அடியில்தான் நின்றிருந்தேன்,
நான் நின்ற இடத்துக்கு அது சரி.